விசா இல்லை, விசாரணை உண்டு

(வாசிப்பு வட்டத்தின் ஏப்ரல் மாதக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



அண்ணலின் 'விசாவுக்காகக் காத்திருத்தல்' சிறுநூலைப் பற்றிப் பேசத்தான் என்னை அழைத்தார்கள். அழைத்த தோழர் போனை வைப்பதற்கு முன்னால், "அப்படியே மலேசியாவுக்கு விசா வேணாமாமே, அதைப் பத்தியும் ரெண்டு வார்த்தை சொல்லிடுங்க. நம்ம பசங்க நாலு பேரு கெளம்புறேன்னு நிக்குறானுங்க" என்றார். முதலில் எனக்குச் சிரிப்புதான் வந்தது. ஒன்று புத்தகம், இன்னொன்று டிராவல்ஸ் ஆபீஸ் வேலை. பேச்சுக்குக் குறிப்பு எடுக்க உட்கார்ந்தபோதுதான் இரண்டும் ஒரே விஷயம் என்று உறைத்தது. அதனால் பசங்களுடைய கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன்.

2023 டிசம்பர் 1 முதல் இந்தியக் குடிமக்கள் மலேசியாவுக்குள் விசா இல்லாமல் நுழைந்து 30 நாள் வரை தங்கலாம். இந்தச் சலுகை 2026 டிசம்பர் 31 வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. பாஸ்போர்ட் குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும். திரும்பி வரும் டிக்கெட் வேண்டும். எங்கே தங்குகிறீர்கள் என்பதற்கு ஓட்டல் பதிவோ, உறவினர் வீட்டு முகவரியோ வேண்டும். செலவுக்குப் போதுமான பணம் வேண்டும். போய்ச் சேரும் நாளுக்கு முந்தைய மூன்று நாளுக்குள் 'டிஜிட்டல் வருகை அட்டை' என்ற படிவத்தை இணையத்தில் நிரப்ப வேண்டும். அதற்குக் கட்டணம் எதுவும் கிடையாது. பணம் கேட்கும் இணையதளம் எதுவானாலும் அது ஏமாற்று வேலை, மூடிவிடுங்கள். அவ்வளவுதான் விதிகள். ஒரு தாளின் ஒரு பக்கத்தில் அடங்கிவிடும்.

இதில் ஒரே ஒரு சொல்லை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். 'போதுமான.' யாருக்குப் போதுமான? எவ்வளவு இருந்தால் போதும்? அதைக் கவுன்டருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர் முடிவு செய்கிறார்.

போன வருடம் நானும் என் தம்பியும் மலேசியா போனோம். சுற்றிப் பார்க்க இல்லை. பேராக் மாநிலத்தில் எங்கள் சின்னப்பாட்டி இருக்கிறார், என் பாட்டியின் தங்கை. வயது எண்பதைத் தாண்டிவிட்டது. படுத்த படுக்கையாகிவிட்டார், யாராவது வந்து பார்த்துவிட்டுப் போங்கள் என்று அவருடைய பேத்தி வாட்ஸ்அப்பில் குரல் அனுப்பினாள். அம்மாதான் போயிருக்க வேண்டும். அம்மாவுக்குப் பாஸ்போர்ட் எடுக்க முயன்றபோது, பிறந்த இடம் என்ற கட்டத்திலேயே கதை நின்றுவிட்டது. அம்மா பிறந்தது மலேசியாவில், ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில். வளர்ந்தது இங்கே சேரியில். அங்கே பிறந்ததற்கும் தாள் இல்லை, இங்கே பிறக்கவில்லை என்பதைச் சொல்லவும் பயம். ஆகவே நாங்கள் இரண்டு பேர் கிளம்பினோம்.

என் தம்பிக்கு இருபத்தெட்டு வயது. பெயின்டர். ஒன்பதாம் வகுப்போடு நின்றவன். ஏன் நின்றான் என்பதை நான் இங்கே மழுப்பப் போவதில்லை. அப்பா போன வருடம் வீட்டில் ஒருவர் படிக்கலாம், இன்னொருவர் வேலைக்குப் போக வேண்டும் என்ற நிலை. நான் பிளஸ் டூவில் நல்ல மார்க் எடுத்திருந்தேன். அவன் மட்டையும் பிரஷ்ஷும் தூக்கினான். இன்று நான் முனைவர் பட்ட ஆய்வாளர். அவன் பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் இ.சி.ஆர். என்று அச்சடித்திருக்கிறது. என் பாஸ்போர்ட்டில் அந்த இடம் வெறுமையாக இருக்கிறது.

இ.சி.ஆர். என்றால் கிழக்குக் கடற்கரைச் சாலை இல்லை. 'வேலைக்காக வெளிநாடு செல்லச் சோதனை தேவை' என்பதன் சுருக்கம். 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டத்தை ஒட்டி வந்தது. பத்தாம் வகுப்பு தேறியவர்கள், வருமான வரி கட்டுபவர்கள், ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் போன்றோருக்கு இது கிடையாது. மற்றவர்கள் வளைகுடா நாடுகள், மலேசியா, தாய்லாந்து உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக வேண்டுமானால் அரசின் அனுமதி பெற வேண்டும். வேலைக்குப் போனால்தான். சுற்றுலாவாகவோ சொந்தக்காரர்களைப் பார்க்கவோ போனால் அந்த அனுமதி தேவையில்லை. இதை மனப்பாடம் செய்து வைத்துக்கொள்ளுங்கள், நான்கு பேரில் யார் பாஸ்போர்ட்டில் அந்த மூன்றெழுத்து இருந்தாலும் உதவும்.

எந்த விமான நிலையம் என்று சொல்ல வேண்டாம். போர்டிங் பாஸ் வாங்கும் கவுன்டரில் எங்கள் இரண்டு பேர் பாஸ்போர்ட்டையும் சேர்த்தே நீட்டினேன். அந்தப் பெண் என்னுடையதைப் புரட்டினார், திரும்பும் டிக்கெட்டைப் பார்த்தார், அட்டையைப் பிரின்ட் எடுத்துக் கொடுத்தார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. தம்பியினுடையதைப் புரட்டி, கடைசிப் பக்கத்துக்கு வந்து, நிமிர்ந்து பார்த்தார். என்ன வேலை? பெயின்டர். எந்தக் கம்பெனி? கம்பெனி இல்லை, தினக்கூலி. லீவ் லெட்டர்? தினக்கூலிக்கு யார் லீவ் லெட்டர் கொடுப்பார்கள்? எவ்வளவு பணம் இருக்கிறது? வங்கிக் கணக்கைக் காட்டுங்கள்.

அவன் போனில் காட்டினான். முப்பதாயிரத்துச் சொச்சம் இருந்தது. அதில் முப்பதாயிரம் இரண்டு நாள் முன்னால் நான் போட்டது, என் ஃபெல்லோஷிப் பணம். அதற்கு முந்தைய இருப்பு 312 ரூபாய். "இந்தப் பணம் முந்தாநாள்தானே வந்திருக்கு?" என்றார். ஆமாம். "யார் போட்டது?" அக்கா. அக்கா என்று அவன் கையைக் காட்டிய திசையில் நான் நின்றுகொண்டிருந்தேன்.

அடுத்தது குடிவரவு கவுன்டர். அங்கே அவனைத் தனியாக உட்கார வைத்தார்கள். பாட்டி பெயர் என்ன, பாட்டி வீட்டு முகவரி என்ன, பாட்டி எப்படிப் பாட்டி, கூட்டிக்கொண்டு போகும் ஏஜென்ட் யார். நான் போய் நின்று, நான்தான் உடன்போகிறவள், என் தம்பி என்றேன். அந்த அதிகாரி என் அடையாள அட்டையைப் பார்த்தார், அவன் கடைசிப் பக்கத்தைப் பார்த்தார். "அக்கா பி.எச்டி., தம்பி ஒன்பதாவதா?" என்றார். கிண்டலாகச் சொல்லவில்லை. அவருக்கு உண்மையிலேயே கணக்கு இடித்தது. ஒரே வீட்டில் இப்படி இருக்க முடியாது என்று நினைத்தார், அவ்வளவுதான். நான் அப்போது ஆங்கிலத்துக்கு மாறினேன். ஆய்வு, பல்கலைக்கழகம், நெறியாளர் என்று தேவையில்லாததையெல்லாம் சொன்னேன். சரி போங்கள் என்று முத்திரை குத்தினார். நாற்பது நிமிடம். அந்த ஆங்கிலம் யாருடைய கூலியில் நான் படித்தது என்பது என் பக்கத்தில் நின்றிருந்தவனுக்குத் தெரியும்.

கேட்ட கேள்விகளில் எதையும் விதிக்குப் புறம்பானது என்று என்னால் சொல்ல முடியவில்லை. எல்லாம் அந்த ஒரு பக்கத் தாளில் இருப்பவைதான். ஆனால் என்னிடம் ஒன்றுகூடக் கேட்கவில்லையே.

விசா என்று ஒன்று இருந்தபோது நாம் அதைத் திட்டினோம். கட்டணம், வரிசை, காத்திருப்பு. ஆனால் விசா கிடைத்துவிட்டால் கையில் ஒரு தாள் இருக்கும். கிடைக்காவிட்டால் மறுத்தது யார் என்றாவது தெரியும். 'விசா தேவையில்லை' என்ற அறிவிப்பு வந்தபோது மறுக்கும் அதிகாரம் ஒழிந்துபோகவில்லை. தூதரகத்து ஜன்னலிலிருந்து விமான நிலையத்து கவுன்டருக்கு வந்திருக்கிறது. அதிலும் முதல் கவுன்டரில் இருப்பவர் அரசு ஊழியர்கூட இல்லை, விமான நிறுவனத்தின் ஊழியர். போன நாட்டில் உள்ளே விடாமல் திருப்பி அனுப்பினால், அந்த ஆளைத் திரும்பக் கொண்டுவரும் பொறுப்பு விமான நிறுவனத்தின் தலையில் விழும். அதனால் நிறுவனம் முன்கூட்டியே ஆள் பார்க்கிறது. எந்த நாட்டுக்கு என்ன தாள் வேண்டும் என்பதை அவர்களுக்குக் கணினி சொல்லிவிடும். யாரிடம் அதை அழுத்திக் கேட்க வேண்டும் என்பதைக் கணினி சொல்வதில்லை. அதைச் செருப்பும், பையும், நிறமும், பேசும் தமிழும், பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கமும் சொல்கின்றன.

இப்போது பாட்டி கதைக்கு வருகிறேன். என் பாட்டியின் அப்பா வட ஆற்காட்டிலிருந்து ஒரு கங்காணியோடு மலாயா போனவர். அந்தக் காலத்தில் நாகப்பட்டினத்திலும் ஆவடியிலும் கூலிகளைச் சேர்த்து வைக்கும் முகாம்கள் இருந்தன. கப்பல் கட்டணத்தைத் தோட்ட முதலாளிகள் பணம் செலுத்திய குடியேற்ற நிதி கட்டியது. போய்ச் சேர்ந்தால் பினாங்குக்குப் பக்கத்தில் ஜெரஜாக் தீவில் நோய்த்தடுப்பு முகாமில் அடைத்து வைப்பார்கள், பிறகு தோட்டத்துக்கு அனுப்புவார்கள். போனவர்களில் பெரும் பங்கு நம் மக்கள். அவர்களிடம் யாரும் திரும்பும் டிக்கெட்டைக் கேட்கவில்லை. தங்குமிடச் சான்று கேட்கவில்லை. 'போதுமான பணம்' கேட்கவில்லை. பணம் இல்லாதவர்கள் என்பதுதானே தகுதி. ரப்பருக்கு ஆள் வேண்டியிருந்தபோது கதவு அப்படித் திறந்து கிடந்தது. 1938இல் இந்திய அரசு இந்த உதவிக் குடியேற்றத்தை நிறுத்தியது.

காசு காட்டு என்ற நிபந்தனை மட்டும் புதிதல்ல. 1908இல் கனடா, ஆசியாவிலிருந்து வருபவர்கள் 200 டாலர் காட்ட வேண்டும், பிறந்த நாட்டிலிருந்து வழியில் எங்கும் மாறாமல் நேராக வந்து இறங்க வேண்டும் என்று விதி போட்டது. இந்தியர் வரக்கூடாது என்று ஓரிடத்திலும் எழுதவில்லை. எழுத வேண்டிய தேவையும் இல்லை. 1914இல் கோமகட்டா மாரு கப்பலில் போன 376 பேரை வான்கூவர் துறைமுகத்தில் இரண்டு மாதம் நிறுத்தி வைத்து, இருபத்துச் சொச்சம் பேரை மட்டும் இறக்கிவிட்டு, மற்றவர்களைத் திருப்பி அனுப்பினார்கள். பெயரைச் சொல்லாமல் ஆளை விலக்குவது எப்படி என்பதை நமக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. நம் ஊர் டீக்கடையில் 'தனி டம்ளர்' என்று போர்டா மாட்டியிருந்தார்கள்?

பாட்டியும் சின்னப்பாட்டியும் ஒரே லயத்தில் பிறந்து, ஒரே தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்கள். 1969 மே கலவரத்துக்குப் பிறகு, குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய அனுமதி அட்டை வேண்டும் என்ற சட்டம் நடைமுறைக்கு வந்தது. நீல அடையாள அட்டை என்றால் குடிமகன், சிவப்பு என்றால் இல்லை. பாட்டி வீட்டுக்காரரிடம் சிவப்பு. சின்னப்பாட்டி வீட்டுக்காரரிடம் நீலம். ஏன் ஒருவர் வாங்கினார், இன்னொருவர் வாங்கவில்லை என்று கேட்டால், அன்றைக்கு மனு எழுதிக் கொடுக்க ஆள் வந்தபோது தாத்தா மரம் வெட்டப் போயிருந்தாராம். சுமார் அறுபதாயிரம் தோட்டத் தொழிலாளர்கள் அந்தக் காலத்தில் இந்தியாவுக்குத் திரும்பினார்கள் என்று சொல்லப்படுகிறது. அவர்களில் ஒரு குடும்பம் கைக்குழந்தையான என் அம்மாவோடு ராஜூலா கப்பலில் ஏறியது. பிறகு அக்காவும் தங்கையும் ஒருவரை ஒருவர் பார்க்கவேயில்லை.

படிப்பை வைத்துப் பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துவதைப் பாதுகாப்பு என்கிறார்கள். அதை முழுக்கப் பொய் என்று நான் சொல்ல மாட்டேன். ஏஜென்ட்டை நம்பிப் போய், பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொண்டு அடித்து வேலை வாங்கியதில் செத்தவர்கள் நம் தெருக்களிலேயே உண்டு. ஆனால் 2022இல் நடந்ததை நினைத்துப் பாருங்கள். தாய்லாந்தில் கணினி வேலை என்று சொல்லி அழைத்துப் போய், எல்லை தாண்டி மியான்மரின் மியாவாடியில் அடைத்து வைத்து, இணைய மோசடி வேலை செய்ய வைத்தார்கள். தமிழர்களும் அதில் மீட்கப்பட்டு வந்தார்கள். குறிவைக்கப்பட்டவர்கள் தகவல் தொழில்நுட்பம் தெரிந்த இளைஞர்கள் என்று வெளியுறவு அமைச்சகமே எச்சரிக்கை வெளியிட்டது. அதாவது பட்டதாரிகள். கடைசிப் பக்கம் வெறுமையாக இருப்பவர்கள். அவர்களை எந்த முத்திரை காப்பாற்றியது?

2018 ஜனவரியில் இதைவிடப் பெரிய யோசனை ஒன்று வந்தது. இ.சி.ஆர். பாஸ்போர்ட்டுக்கு ஆரஞ்சு நிற அட்டை போடப் போகிறோம் என்று அறிவித்தார்கள். பக்கத்தைப் புரட்டக்கூட வேண்டாம், தூரத்திலிருந்தே பார்த்துவிடலாம். எதிர்ப்பு கிளம்பியதும் அதே மாதக் கடைசியில் கைவிட்டார்கள். பத்தாவது தேறாதவர்கள் யார், எந்தத் தெருவில் இருக்கிறார்கள் என்பது அறிவித்தவர்களுக்குத் தெரியாதா என்று எனக்கு இன்றுவரை சந்தேகம்.

இன்னொரு கட்டத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெயர்க் கட்டம். 1929இல் செங்கல்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களை விடச் சொன்னது. தமிழ்நாட்டில் இன்று பெயருக்குப் பின்னால் ஒன்றும் இல்லாமல் கோடிக்கணக்கானவர்கள் நடமாடுவதற்குப் பின்னால் அந்த வரலாறு இருக்கிறது. ஆனால் உலகத்துப் படிவங்கள் குடும்பப் பெயர் எங்கே என்று கேட்கின்றன. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருப்பவர்களைச் சுற்றுலா, வருகை விசாவில் அனுமதிக்க மாட்டோம் என்றது. கடைசிப் பக்கத்தில் தந்தை பெயர் இருந்தால் போதும் என்று பிறகு தளர்த்தியது. டிக்கெட் எடுக்கும்போது 'சர்நேம்' கட்டாயம் என்று வந்தால் சாதிப் பட்டம் தேடாதீர்கள், அப்பா பெயரைப் போடுங்கள். அம்மா பெயரைப் போட்டாலும் எனக்குச் சந்தோஷம்தான், ஆனால் பாஸ்போர்ட்டில் இருப்பது எதுவோ அதுதான் டிக்கெட்டிலும் இருக்க வேண்டும். எழுத்து மாறினால் நிறுத்திவிடுவார்கள்.

சின்னப்பாட்டியின் அடையாள அட்டையை அங்கே போய்ப் பார்த்தேன். அவர் பெயர், பிறகு 'ஏ/பி', பிறகு அவர் அப்பா பெயர். 'அனாக் பெரெம்புவான்', மலாயில் மகள் என்று பொருள். மகன் என்றால் 'ஏ/எல்'. இந்திய வம்சாவளியினர் பெயர்களில் பரவலாக வரும் குறி, அதில் இன அடையாளம் ஒட்டிக்கொண்டிருக்கிறது, அதன் மேல் அங்கே விமர்சனமும் உண்டு. ஆனாலும் இன்னாரின் மகள் என்பதோடு முடிந்துவிடுகிற பெயரை ஒரு அரசாங்கத் தாளில் பார்த்தபோது கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தேன். அங்கே சாதி இல்லை என்று சொல்ல வரவில்லை. கல்யாணப் பேச்சு எடுத்தால் கடல் கடந்தும் வந்துவிடுகிறது என்று அந்தப் பேத்தியே சொன்னாள்.

இனி புத்தகம். 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்று தலைப்பு. உள்ளே தேடிப் பார்த்தால் விசா என்று ஒன்று வருவதேயில்லை. தூதரகம் இல்லை, கவுன்டர் இல்லை. 1901இல் அப்பாவைப் பார்க்க ரயிலேறிப் போகிற சிறுவர்கள் வருகிறார்கள். இறங்கிய ஸ்டேஷனில் வண்டிக்காரர்கள் ஏற்ற மறுக்கிறார்கள். இரட்டிப்புக் கூலிக்குச் சம்மதித்தவரும் கூடவே நடந்து வருகிறார், வண்டியைச் சிறுவர்களே ஓட்ட வேண்டும். நடுராத்திரி சுங்கச்சாவடி வருகிறது. தாகம். முஸ்லிம் என்று சொல்லித் தண்ணீர் கேட்கச் சொல்கிறார் வண்டிக்காரர். சிறுவன் பீமராவ் உருதுவில் கேட்கிறான். அப்படியும் கிடைக்கவில்லை.

பதினாறு வருடம் கழித்து பரோடா. கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்துவிட்டு வேலையில் சேர வந்தவருக்குத் தங்க இடமில்லை. பார்சிகளுக்கான விடுதி. பதிவேட்டில் பார்சிப் பெயர் எழுதினால் தங்கலாம் என்று ஏற்பாடு. பதினோராம் நாள் கம்புகளோடு வந்து வெளியேற்றுகிறார்கள். அமெரிக்காவுக்குள் நுழைந்து மூன்று வருடம் இருந்துவிட்டு வந்தவர், சொந்த நாட்டில் ஒரு விடுதியில் பதினோரு நாள் தங்க முடியவில்லை. தங்குமிடச் சான்று என்ற விதியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பதிவேடுதான் ஞாபகத்துக்கு வருகிறது.

இதுவரை நான் அந்தச் சுங்கச்சாவடிப் பகுதியை வெறும் அவமானக் கதையாகத்தான் படித்திருந்தேன். விமான நிலையத்துக்குப் போய் வந்த பிறகு வேறொன்று கண்ணில் பட்டது. அந்தச் சிறுவன் உருது பேசினான். நான் ஆங்கிலம் பேசினேன். அவனுக்குப் பலிக்கவில்லை, எனக்குப் பலித்தது. அது எனக்குப் பெருமையாக இல்லை. தம்பி விமானத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து, "நீ இல்லாட்டி விட்டிருக்க மாட்டாங்கல்ல?" என்றான். இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கிளம்புகிற தோழர்களுக்கு. உறவினர் வீட்டில் தங்கினால் அவர்கள் கையெழுத்திட்ட அழைப்புக் கடிதம், அவர்கள் அடையாள அட்டை நகல், போன் நம்பர் மூன்றையும் தாளாகவே வைத்திருங்கள், போனில் சார்ஜ் போய்விடும். பணத்தைக் கணக்கில் போடுவதானால் இரண்டு மாதம் முன்பே போடத் தொடங்குங்கள். கேட்டால் நேராகப் பதில் சொல்லுங்கள், கெஞ்ச வேண்டாம். ஏறவிடாமல் நிறுத்தினால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். கொடுப்பார்கள் என்ற உறுதி இல்லை, ஆனால் கேட்டது பதிவாகும். "விசா இல்லாம போயி அங்க வேலை பர்மிட்டா மாத்திக்கலாம்" என்று ஏஜென்ட் சொன்னால் அவனை அங்கேயே விட்டுவிட்டு எழுந்து வாருங்கள். முப்பது நாளுக்கு மேல் ஒரு நாள் தங்கினாலும் அங்கே அது குற்றம், சிறை உண்டு. வருகிற ரெய்டில் மாட்டுவது ஏஜென்ட் இல்லை.

சின்னப்பாட்டி எங்களைப் பார்த்ததும் முதலில் தம்பியின் கையைத்தான் பிடித்தார். நகக்கண்ணில் பெயின்ட் இருந்தது. அவர் அக்கா பேரனா என்று கேட்டார், ஆமாம் என்றான். என்ன வேலை என்று கேட்டார், பெயின்டர் என்றான். சரி என்றார். அதற்கு மேல் ஒரு கேள்வியும் இல்லை.

திரும்பி வந்த பிறகு அவன் பத்தாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுதப் பணம் கட்டியிருக்கிறான். தேறினால் சான்றிதழைக் காட்டி இ.சி.ஆர். இல்லாத பாஸ்போர்ட்டுக்கு மறுபடி விண்ணப்பிக்கலாம். வேலை முடிந்து ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் கணக்குப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு என் அறைக்கு வருகிறான். எனக்கு அந்த இருபடிச் சமன்பாடு மறந்தே போய்விட்டது. இந்த அறையில் கணக்கு வாத்தியார் யாராவது இருந்தால், கூட்டம் முடிந்ததும் என்னைப் பாருங்கள்.